ஹெல்காஃபெல் புள்ளி தெற்கே போனது ஏன்?

ஐஸ்லாந்தின் பழங்கதையான லக்ஸ்டைலா சாகாவின் இடங்களை வரைபடத்தில் குறித்தபோது, அதன் நாயகி குட்ரூனின் ஹெல்காஃபெல் நாட்டின் தென்கரைக்கு அப்பாலுள்ள வெஸ்ட்மன் தீவுகளில் விழுந்தது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். காரணம் பெயர்தான். ‘புனித மலை’ என்ற இந்தப் பெயரில் ஐஸ்லாந்தில் பல இடங்கள் உண்டு. உங்கள் தேடல் அங்குள்ள எரிமலையைப் பிடித்துவிட்டது. லக்ஸ்டைலா சாகாவில் வருவது மேற்கு ஐஸ்லாந்தின் ஸ்னைஃபெல்ஸ்னெஸ் தீபகற்பத்தில், ஸ்டிக்கிஸ்ஹோல்முர் ஊருக்குச் சற்றுத் தெற்கே, வெறும் 73 மீட்டர் உயரக் குன்று.

வரைபடத்துக்கான இட அட்டவணையில் அட்சரேகை 65.04, தீர்க்கரேகை -22.73 என்று நீங்களே இடுங்கள். மேற்கைக் காட்டும் கழித்தல் குறி விட்டுப்போனால் புள்ளி கிழக்கே, ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையிலுள்ள போத்னியா வளைகுடாவில் மிதக்கும்!

புள்ளியைக் குன்றின் உச்சியில் குத்த வேண்டாம். ஸ்னோரி என்ற தலைவரோடு பண்ணையை மாற்றிக்கொண்டு குட்ரூன் குடியேறியது அடிவாரப் பண்ணையில். அதற்கு முன் அவள் வாழ்ந்த லாய்கர், டுங்கா பண்ணைகள் இரண்டுக்கும் தனித்தனிப் புள்ளி வையுங்கள். ஆளுக்கு ஓர் இடம் என்று வைத்தால் இந்தச் சாகாவுக்குச் சரிவராது.