ஆய்வுக்குக் கொடுக்கும் கடல்பாசி வெளுத்துப்போவது ஏன்?

கேள்வி: கயிறு கட்டி கப்பாபைகஸ் பாசி வளர்க்கிறேன். இதுவரை கராஜீனன் என்னும் கூழ்ப்பொருள் எடுக்கும் ஆலைக்குத்தான் காயவைத்துக் கொடுத்தேன். இப்போது உடல்நலத்துக்கு உதவும் சேர்மங்களை ஆராயும் ஒரு குழு பாசி கேட்கிறது. வெயிலில் பரப்பி, இரவில் பாலிதீன் தாளால் மூடிக் காயவைத்து மாதிரி அனுப்பினேன். வெளுத்திருக்கிறது, ஈரமும் அதிகம் என்று திருப்பிவிட்டார்கள். தவறு எங்கே? ஃபுகாய்டன் என்ற பாசிச் சேர்மத்தின் பெயரால் பையில் 'ஃபுகாய்டன் நிறைந்தது' என்று அச்சிடலாமா?

பதில்: பாலிதீன் தாளில்தான் தொடங்கியது. ஈரப் பாசியை மூடினால் உள்ளே வெப்பம் ஏறி, பாசி வியர்த்து, தன் நீரிலேயே வேகும். செந்நிறம் தரும் ஃபைக்கோஎரித்ரின் ஒரு புரத நிறமி. அது நீரில் கரையும்; சூட்டிலும் வெளிச்சத்திலும் சிதையும். ஆலைக்கு இது பெரிய குறையில்லை. அவர்களுக்கு வேண்டியது கூழ்தான், நிறத்தைக் காரம் போட்டு அவர்களே எடுத்துவிடுவார்கள். ஆய்வுக்குழுவுக்கோ நிறமியும் பாலிஃபீனால் என்னும் தாவரச் சேர்மமும்தான் சரக்கு.

சுமார் 45 நாள் வளர்ந்த பாசியைக் காலையிலேயே அறுவடை செய்யுங்கள். நுனி வெளுத்து நொறுங்கும் 'ஐஸ்-ஐஸ்' நோய் கண்ட கிளைகளை அப்போதே கழித்துவிட வேண்டும். மணலும் ஒட்டுப்பாசியும் போகத் தூய கடல்நீரில் அலசினால் போதும். நன்னீரில் ஊறவைக்காதீர்கள், செல்கள் உப்பி வெடித்து நிறமியும் தாது உப்புகளும் நீரோடு போய்விடும். காயும்போது மழையில் நனைந்தாலும் இதே கதிதான். ஈரப் பாசியைச் சாக்கில் அமுக்கி மறுநாள்வரை வைத்தால் நொதித்துவிடும்.

தரையில் பரப்பாமல், இடுப்பளவு உயரத்தில் வலை கட்டி, நிழல்வலைப் பந்தலுக்குக் கீழே ஒரே அடுக்காகப் பரப்புங்கள். கீழிருந்தும் காற்று புக வேண்டும். சூரிய உலர்த்தி இருந்தால் வெப்பமானி வைத்து 40 டிகிரி செல்சியஸ் அளவில் நிறுத்துங்கள். முதல் நாள் மூன்று நான்கு முறை புரட்ட வேண்டும். இரவில் கூரைக்குள் எடுத்து, மூடாமல் வையுங்கள்.

காய்ந்ததும் மேலே வெண்மையாகப் பூக்கும் உப்பைச் சலித்து உதறுங்கள். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, காய்ந்த பாசியை மறுபடி நமுக்கவைக்கும். உங்கள் மாதிரி ஈரமாகப் போய்ச் சேர்ந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

ஆலைச் சரக்கில் 35 சதவீத ஈரம்வரை ஏற்பார்கள். இங்கே 12 சதவீதத்துக்குள் கொண்டுவாருங்கள். சோதிக்க, 100 கிராம் எடுத்து 105 டிகிரி அடுப்பில் எடை குறைவது நிற்கும்வரை வையுங்கள். 88 கிராமோ அதற்கு மேலோ மிஞ்சினால் சரி. விலை பேசும்போது ஒரு கணக்கை மறக்காதீர்கள்: அறுத்த ஈரப் பாசியில் 90 சதவீதம் நீர் என்றால், 10 கிலோவிலிருந்து ஆலைப் பக்குவத்தில் 1.54 கிலோ கிடைக்கும். இந்தப் பக்குவத்தில் 1.14 கிலோதான். கால்பங்குக்கு மேல் எடை போகிறது. பழைய விலைக்கு ஒப்புக்கொண்டால் நட்டம் உங்களுக்கே.

ஒளி புகாத, காற்று புகாத பையில் அடைத்து, அறுவடை நாள், கயிறு கட்டிய இடம், நிற வகை மூன்றையும் எழுதுங்கள். பச்சை வகையையும் செந்நிற வகையையும் ஒரே பையில் கலந்தால் ஆய்வு முடிவே குழம்பிவிடும்.

ஃபுகாய்டன் என்று அச்சிடவே கூடாது. அது சர்காசம், உண்டாரியா போன்ற பழுப்புப் பாசிகளில் இருப்பது. 1913-இல் ஸ்வீடன் விஞ்ஞானி ஹரால்ட் கைலின் பிரித்தெடுத்ததும் பழுப்புப் பாசியிலிருந்துதான். உங்களுடையது செம்பாசி இனம், அதில் இருப்பது கராஜீனன். 'புற்றுநோயைத் தடுக்கும்' போன்ற வாசகங்களும் வேண்டாம். இந்தச் சேர்மங்கள் பற்றிய முடிவுகளில் பெரும்பகுதி செல்களிலும் எலிகளிலும் கண்டவை.

உணவாகவும் விற்கும் எண்ணமிருந்தால் அயோடின், ஆர்சனிக், காட்மியம், ஈயம் ஆகியவற்றுக்குச் சோதனை அவசியம். பாசி நல்லதை மட்டும் பொறுக்கி எடுப்பதில்லை, நீரில் இருப்பதையெல்லாம் இழுக்கும். ஹிஜிகி என்னும் பழுப்புப் பாசியில் கனிம ஆர்சனிக் அதிகம் என்பதால் அதை உண்ண வேண்டாம் என்று பிரிட்டனின் உணவுத்தர முகமை 2004-இல் எச்சரித்தது. கழிவுநீர் கலக்கும் வாய்க்கால் முகத்துவாரம் அருகே கயிறு கட்டியிருந்தால், அந்தப் பாசியை உணவுக்கு விற்காதீர்கள்.