எடை அசையாமல் நின்றால் இரவு உணவை நிறுத்தலாமா?

வணக்கம். முதல் இரண்டு வாரங்களில் மூன்று கிலோ குறைந்து, பிறகு ஐந்து வாரங்களாக எடை அசையவில்லை என்றும், இரவு உணவையும் நிறுத்திவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். உடலில் சேமிக்கப்பட்ட கிளைக்கோஜன், அதாவது உடல் இருப்பு வைக்கும் சர்க்கரை, ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருப்பதால், அது செலவாகும்போது நீரும் வெளியேறுகிறது. தொடக்கத்தில் வேகமாகக் குறைந்ததில் கணிசமான பங்கு அந்த நீர்தான்.

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது, சமைக்கும்போது கண்ணளவாக ஊற்றும் எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி உண்டு; பாட்டிலைச் சாய்த்து ஊற்றும்போது ஒரு கரண்டி என்று நாம் நினைப்பது பெரும்பாலும் இரண்டாக இருக்கும். ஒரு மாதம் கரண்டியால் அளந்தே ஊற்றுங்கள். காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவரென்றால், முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.