ஹாப்ஸ் இல்லாத பீர்: சில கேள்விகள், பதில்கள்

பழைய ஐரோப்பிய முறையில் மூலிகை போட்டுக் காய்ச்சிய 'க்ரூட்' பீர் ஒன்றைச் சுவைத்தேன் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

க்ரூட் என்றால் என்ன? பீரில் மூலிகை எதற்கு?

இன்று பீரின் கசப்புக்கு ஹாப்ஸ் பூதான் காரணம். அது பரவும் முன்பு பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனிப் பகுதிகளில் ஒரு மூலிகைக் கலவையைப் போட்டார்கள். அதுதான் க்ரூட். சதுப்பு நிலத்தில் வளரும் ஸ்வீட் கேல் அதில் முக்கியம். அப்புறம் 'யாரோ' என்றொரு செடி (நிஜமாகவே பெயர் அதுதான்). கலவையை விற்கும் உரிமை ஆள்பவர்கள் கையில் இருந்தது. அவர்களிடம் அந்த உரிமையைப் பெற்றவர்கள் நன்றாகச் சம்பாதித்தார்கள். ப்ரூஜ் நகரில் இன்று அருங்காட்சியகமாக இருக்கும் க்ரூட்ஹூஸ மாளிகை அப்படி வளர்ந்த குடும்பத்தின் வீடு. பெயரிலேயே க்ரூட் இருக்கிறது.

ஹாப்ஸ் ஜெயித்ததற்கு, பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மட்டுமே போடலாம் என்று 1516-ல் தெற்கு ஜெர்மனியின் பவேரியாவில் வந்த பீர் சட்டத்தைக் காரணம் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. புளிக்க வைக்கும் பாக்டீரியாவை ஹாப்ஸ் நன்றாக அடக்கும். பீர் கெடாமல் தூரம் போகும். வியாபாரிக்கு அது போதாதா? சட்டம் வருவதற்குள் பந்தயம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது.

சுவை எப்படி இருந்தது அண்ணா?

முதல் மிடறு ஏமாற்றம்தான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் குடித்தது என் தப்பு. வெறும் கசப்புத்தான் தெரிந்தது. கால் மணி நேரம் மேசையில் வைத்த பிறகு அது வேறு பீர். யூகலிப்டஸும் மரப்பிசினும் கலந்த மாதிரி ஒரு வாசனை, நடுவில் ரொட்டியின் கருகிய ஓரம் போல மால்ட் (முளைகட்டிய தானியம்) இனிப்பு, கடைசியில் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு. அந்தத் துவர்ப்பு கொஞ்சம் தூக்கல். மூலிகையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் அடியில் நல்ல பீர் இருக்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன். இதில் இருந்தது.

நான் குடித்த கோதுமை பீரில் கிராம்பு வாசனை. லேபிளில் கிராம்பே இல்லையே?

போட்டிருக்க மாட்டார்கள். ஜெர்மன் கோதுமை பீருக்கான ஈஸ்ட், நொதிக்கும்போது 4-வினைல் குவையகால் என்ற பொருளை உண்டாக்கும். கிராம்பை நினைவூட்டுவது அதுதான். மசாலா பீரைச் சுவைக்கும்போது எது ஈஸ்டின் வேலை, எது போட்ட சரக்கு என்று பிரித்துப் பாருங்கள், நல்ல விளையாட்டு.

கொத்தமல்லி விதை போட்ட விட்பியரும் க்ரூட் வகையா?

பங்காளி என்று சொல்லலாம். விட்பியர் பெல்ஜியத்துக் கோதுமை பீர். அதில் ஆரஞ்சுத் தோலும் உண்டு. ஆனால் ஹாப்ஸும் கொஞ்சம் இருக்கும். பெல்ஜியத்தின் ஹூகார்டன் ஊரில் அந்த வகை அழிந்தே போயிருந்தது. பால்காரராக இருந்த பியர் செலிஸ் 1966-ல் மறுபடி காய்ச்ச ஆரம்பித்தார். கொத்தமல்லியோடு உப்பும் வேண்டுமென்றால் ஜெர்மனியின் 'கோஸ' என்ற பீர் இருக்கிறது. புளிப்பும் சேர்ந்து வரும்.

ஃபின்லாந்து சாஹ்தி கிடைத்தது. நுரையே இல்லை, வாழைப்பழ வாசனை வேறு. கெட்டுவிட்டதா சார்?

இல்லை, சாஹ்தி ஃபின்லாந்தின் பழைய நாட்டு பீர், அதன் குணமே அப்படி. ஜூனிபர் என்ற ஊசியிலைச் செடியின் கிளைகளைப் பரப்பி அதன் வழியே வடிகட்டுவார்கள். ரொட்டி ஈஸ்டில்தான் நொதிக்கும், வாழைப்பழ வாசனை அங்கிருந்து வருவது. மரபுப்படி வடித்த சாற்றைக் கொதிக்க வைப்பதில்லை, அதனால் சீக்கிரம் கெடும். குளிரில் வையுங்கள், தள்ளிப்போடாமல் குடித்துவிடுங்கள். வினிகர் வாசனை வந்தால் கொட்டிவிடலாம்.

மூலிகையை வெளியே பறித்து வீட்டில் காய்ச்சலாமா?

பறிக்க வேண்டாம். யாரோ செடியின் வெள்ளைப் பூங்கொத்தைப் பார்த்து, கொடிய விஷமுள்ள ஹெம்லாக்கோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு. உணவுக்கென்று விற்பதையே வாங்குங்கள்.

எந்தக் கிளாஸ்?

வாய் அகன்றது எதுவானாலும் சரி. பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், வாசனை நிற்க இடம் வேண்டும்.