மருந்துக்குச் சாகாத கிருமி குளோரினுக்குச் சாகுமா? கோழிப்பண்ணை பைப் வழும்பு பற்றி

விசுவமடுப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். புரொய்லர் வளர்க்கிறார், குஞ்சு இறக்கி ரெண்டாம் கிழமையிலயே சாகத் தொடங்குதாம், செத்ததை வெட்டிப் பாத்து கல்ச்சர் (கிருமியை வளத்துப் பாக்கிற சோதனை) போட்டா ஈ.கோலை எண்ட குடல் கிருமி, ரிப்போட்டில என்ரோபுளொக்சசின், ரெற்றாசைக்கிளின், அமொக்சிசிலின் எல்லாத்துக்கும் நேர 'ஆர்', அதாவது இந்த மருந்துக்குச் சாகாது எண்டு அடிச்சிருக்கு. ஒவ்வொரு பட்ச் முடியவும் பைப்லைனுக்கு குளோரின் விட்டுத்தான் கழுவுறவராம். "மருந்துக்கே சாகாதது குளோரினுக்கு எப்பிடிச் சாகும், இதைவிட பவர் கூடின சாமான் ஏதும் இருக்கோ" எண்டதுதான் கேள்வி.

தம்பி, அந்த 'ஆர்' குளோரினைப் பற்றி ஒண்டுமே சொல்லேல்ல. அன்ரிபயோட்டிக் எண்டது கிருமியின்ர ஒரேயொரு இடத்தைக் குறி வச்சு அடிக்கிறது, அமொக்சிசிலின் எண்டா செல்சுவர் கட்டுற வேலையைக் குழப்பும், ரெற்றாசைக்கிளின் எண்டா புரதம் செய்யிற இடத்தை, அந்த ஒரு இடத்தைக் கிருமி மாத்திப்போட்டா இல்லாட்டி மருந்தை வெட்டுற நொதியைச் செய்யப் பழகிட்டா மருந்து வேலை செய்யாது. குளோரின், பெரொக்சைட்டெல்லாம் அப்பிடியில்ல, படுற இடமெல்லாம் எரிக்கும், புரதம், கொழுப்பு, டிஎன்ஏ எண்டு ஒண்டையும் விடாது. அதால தண்ணியில தனியா மிதக்கிற ஈ.கோலை எத்தினை மருந்துக்கு 'ஆர்' ஆயிருந்தாலும், சரியான அளவு குளோரினுக்கு சாதாரண ஈ.கோலை மாதிரித்தான் சாகும். கன அன்ரிபயோட்டிக்குக்குச் சாகாத எம்ஆர்எஸ்ஏ எண்ட ஸ்ரபிலோகொக்கஸ் கிருமிக்கும் பொதுவா இதே கதைதான்.

ஆனா உங்கட பைப்புக்குள்ள அது தனியா மிதக்கேல்ல. லைன் கடைசி மூடியைக் கழட்டி, காது குடையிற பஞ்சுக் குச்சியை உள்ளுக்க விட்டு ஒரு சுத்து சுத்தி எடுத்துப் பாருங்கோ. மண்ணிறமா, வழுவழுவெண்டு, சளி மாதிரி ஒண்டு ஒட்டிக்கொண்டு வரும், மணந்தும் பாருங்கோ. அந்த வழும்பைத்தான் பயோபிலிம் எண்டு சொல்லுறது. கிருமி தானே சுரந்த சீனிவகைப் பசை, புரதம், செத்த கிருமியின்ர டிஎன்ஏ எல்லாம் சேந்த படை, அதுக்குள்ள அதுகள் குடியிருக்குது. குளோரின் விட்டா மேல்படையோட எரிஞ்சு அங்கயே தீந்துபோம், அடிக்குப் போய்ச் சேராது. அடியில கிடக்கிறதுகள் சாப்பாடு குறைஞ்சு அரை நித்திரையில கிடக்கும், வளராத கிருமியை எதாலயும் கொல்லுறது கஷ்டம். மிதக்கிற கிருமியைவிட பயோபிலிமில இருக்கிறதைக் கொல்ல பத்து மடங்கில இருந்து ஆயிரம் மடங்கு வரை கூடத் தேவைப்படலாம் எண்டு கணக்கு. இன்னொரு கரைச்சல், ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கிடக்கிறதால மருந்தெதிர்ப்பு ஜீனையும் அதுக்குள்ளதான் கைமாத்திக்கொள்ளுதுகள்.

போத்திலில '99.9 வீதம் கொல்லும்' எண்டு போட்டிருக்கிறதையும் கனக்க நம்பாதேங்கோ. பத்துக் கோடி கிருமியில 99.9 வீதம் செத்தாலும் மிச்சம் ஒரு லட்சம், அதுவும் அந்தக் கணக்கு பெரும்பாலும் மிதக்கிற கிருமியிலயோ சுத்தமான மேற்பரப்பிலயோ எடுத்தது, உங்கட பைப் வழும்பில எடுத்ததில்ல.

இதில எங்கட வன்னித் தண்ணியும் சேந்து விளையாடுது. கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியுதே, அதே படைதான் கோழி கொத்திக் குடிக்கிற நிப்பிளுக்குள்ளயும், அந்தச் சொரசொரப்பில வழும்புக்கு நல்ல பிடி. சுண்ணாம்புத் தண்ணி கனக்க இடத்தில காரத்தன்மையாயும் இருக்கும், பிஎச் (அமில, கார அளவு, 7 க்கு மேல போனா காரம்) 7.5 இல குளோரினில அரைவாசிதான் கொல்லுற வடிவத்தில இருக்கும், 8.5 க்குப் போனா பத்தில ஒரு பங்குதான். போதாததுக்கு தகரக் கூரைக்குக் கீழ ஓடுற பைப், மத்தியானம் தண்ணி சுடும், கிருமிக்கு வேறென்ன வேணும். குவாட்டனரி அமோனியம் வகைக் கிருமிநாசினிகளும் கடினத் தண்ணியில, ஊத்தையில, சவுக்காரம் மிஞ்சிக் கிடக்கிற இடத்தில நல்லா மங்கிப்போம். அதை நாளாந்தம் கொஞ்சம் கொஞ்சமா நீர்க்கவிட்டுத் தெளிக்கிறது எனக்குப் பிடிக்காத வேலை, அப்பிடி சாகாத அளவில பழக்கினா அதை வெளிய பம்ப் பண்ணித் தள்ளுற கிருமிகள்தான் மிஞ்சும், அந்தப் பம்புகளில சிலது அன்ரிபயோட்டிக்கையும் சேத்துத் தள்ளும்.

அதால பவர் கூடின சாமான் தேடாதேங்கோ, வழும்பை முதல்ல உடையுங்கோ. கொட்டில் வெறுமையா இருக்கேக்க மட்டும் செய்யிற வேலை இது. தண்ணியை முழுக்க வடிச்சு, நல்ல அமுக்கத்தில லைனை அடிச்சுக் கழுவி, பிறகு 3 வீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டை நிரப்புங்கோ, 35 வீதச் சாமான் எண்டா ஒரு லீற்றருக்கு 11 லீற்றர் தண்ணி. உள்விட்டம் 20 மில்லிமீற்றர் பைப் ஒரு மீற்றருக்கு 300 மில்லிலீற்றர் சொச்சம் பிடிக்கும், அதில கணக்குப் பாத்து வாங்குங்கோ, வீணா வாங்கிக் குவிக்காதேங்கோ. ஒவ்வொரு நிப்பிளையும் தட்டிவிட்டு அதுக்குள்ளயும் போகப் பண்ணி, 24 மணித்தியாலமாவது கிடக்கட்டும். வழும்பில பட்டு வாயு கிளம்பும், அதால லைனை இறுக்கி மூடாம காத்துப் போக வழி விடுங்கோ. கையுறை, கண்ணாடி இல்லாம 35 வீதச் சாமானைத் தொடவேண்டாம், தோலை வெள்ளையா அவிச்சுப்போடும். பிறகு திறந்து அடிச்சுக் கழுவேக்க துண்டு துண்டா வழும்பு வரும், தெளிஞ்ச தண்ணி வருமட்டும் விடுங்கோ. அடுத்து வெள்ளைப் படைக்கு சிற்றிக் அசிட், பிஎச் 5 க்குக் கீழ வாறமாதிரி கரைச்சு ஒரு நாள் விட்டுக் கழுவுங்கோ. இறுகிப்போன நிப்பிளைக் கழட்டி அதிலயே ஊறப்போடலாம். அசிட் முழுசாக் கழுவுப்பட முதல் குளோரினைக் கிட்டக் கொண்டுவரவே கூடாது, குளோரின் வாயு வரும், மூடின கொட்டிலுக்குள்ள அது ஆளை விழுத்தும். பெரொக்சைட்டும் குளோரினும் சேந்தா ஒண்டையொண்டு தின்னும், ரெண்டு காசும் வீண்.

இவ்வளவும் செய்துபோட்டு பச்சைத் தண்ணியை விட்டா சில நாளில திரும்பப் படரத் தொடங்கும். குளோரின் வேலை இங்கதான் வருது. 1000 லீற்றர் தாங்கிக்கு 30 வீதக் குளோரின் தூள் 10 கிராம் போட்டா 3 பிபிஎம் (லீற்றருக்கு 3 மில்லிகிராம்), பையில எத்தினை வீதம் எண்டு பாருங்கோ, 65 வீதத் தூளுக்கு அதில பாதிக்கும் குறைவு போதும். அளக்கிறது தாங்கியில இல்ல, கடைசி நிப்பிளில, டெஸ்ட் ஸ்ரிப் வச்சு. அங்க 2 பிபிஎம் கூட இல்லையெண்டா நடுவில ஏதோ அதைத் தின்னுது, இரும்புத் தண்ணியா இருக்கலாம், மிஞ்சின வழும்பா இருக்கலாம். விற்றமின் பொடி, மருந்துப் பொடி கனக்க சீனிவகையில கலந்து வாறது, குடுத்து முடிஞ்ச உடன லைனைக் கழுவாட்டி அது வழும்புக்குத் தீனி.

எல்லாச் சாவுக்கும் தண்ணியைக் குற்றம் சாட்டவும் ஏலாது. ஈ.கோலை கனதரம் இரண்டாவதா வாறது, ஈரக் கூளம், அமோனியா மணம், வைரஸ் எண்டு முன்னால ஏதாவது நிண்டிருக்கும், அதை மிருக வைத்தியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கோ. தடுப்பூசி மருந்து தண்ணியில குடுக்கிற நாளுக்கு 24 மணித்தியாலத்துக்கு முதலே குளோரினை நிப்பாட்டிப் போடுங்கோ, குளோரின் தண்ணியில உயிர்த் தடுப்பூசி செத்துப்போம்.