பழைய கட்டடத்துக்குச் சதுர அடி ரேட் கேட்காதீர்கள்

கேள்வி: எங்களுடையது 45 ஆண்டுப் பழைய சிறு கட்டடம். கீழே கடை, மேலே இரண்டு அறைகள். மொத்தம் 900 சதுர அடி. கீழே நடுச்சுவரை எடுத்துவிட்டு, மேலே குளியலறையை மாற்றி, வயரிங், பூச்சு எல்லாம் புதிதாகச் செய்ய நினைக்கிறோம். இரண்டு ஒப்பந்ததாரர்கள் சதுர அடிக்கு இவ்வளவு என்று எழுதித் தந்தார்கள். ஒருவருடைய தொகை மற்றவருடையதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. யாரை நம்புவது?

பதில்: இப்போதைக்கு இரண்டு தாள்களையும் எடுத்து ஓரமாக வையுங்கள். யாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. சதுர அடி ரேட் என்பது காலி மனையில் புதிதாகக் கட்டுவதற்கான கணக்கு. பழைய கட்டடத்தில் செலவைத் தீர்மானிப்பது தரைப்பரப்பு இல்லை. எதை எடுக்கிறீர்கள், எடுத்த பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான். என் ஊகம், கூடுதலாகக் கேட்டவர் தன் பயத்தையும் சேர்த்து விலை போட்டிருக்கிறார். குறைவாகக் கேட்டவர் உள்ளே எல்லாம் நன்றாக இருக்கும் என்று நினைத்துவிட்டார். வேலை பாதியில் நிற்கும்போது, "இது எக்ஸ்ட்ரா சார்" என்று வந்து நிற்பார்.

அதனால் எஸ்டிமேட்டுக்கு முன்பே கொஞ்சம் செலவு செய்யுங்கள். ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரையும் ஒரு கொத்தனாரையும் அழைத்து, நாலைந்து இடங்களில் பிரித்துப் பாருங்கள். நானாக இருந்தால் முதலில் போய் நிற்கும் இடம், மேல்தளக் குளியலறைக்கு நேர் கீழே உள்ள கடைக்கூரை. தண்ணீர் ஆண்டுக்கணக்கில் இறங்கியிருந்தால் அங்கேதான் இறங்கியிருக்கும். சுத்தியலால் தட்டினால் நல்ல கான்கிரீட் கிண்ணென்று கேட்கும். உள்ளே விட்டுப்போன இடம் டொக்கென்று கேட்கும். டொக் கேட்கும் இடத்தில் உளியால் பெயர்த்துக் கம்பியைப் பாருங்கள். இரும்பு துருவாகும்போது பல மடங்கு உப்பும். கான்கிரீட்டைத் தள்ளி உதிர்ப்பது அந்த உப்பல்தான்.

உடைத்த முகத்தில் இன்ஜினீயர் பினால்ப்தலீன் கரைசலைத் தெளிப்பார். காரத்தன்மை மிச்சமுள்ள கான்கிரீட் ரோஜா நிறமாகும். நிறம் மாறாத பகுதியில், கம்பியைத் துருப்பிடிக்காமல் காத்துவந்த காரத்தன்மை போய்விட்டது என்று அர்த்தம். அந்த நிறம் மாறாத ஆழம் கம்பி வரைக்கும் வந்துவிட்டதா? வந்திருந்தால் இது பூசி வெள்ளையடிக்கிற வேலை இல்லை. பழுதான கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்புறம் வரை வெட்டியெடுத்து, துருவைச் சுரண்டி, கம்பி மெலிந்திருந்தால் புதுக்கம்பி சேர்த்து மூட வேண்டும். உங்கள் இரண்டு எஸ்டிமேட்டிலும் இந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு சுவிட்ச் பெட்டியைக் கழற்றி எர்த் ஒயர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் ஒரு துண்டு வெட்டினால், துரு அடைத்து எவ்வளவு துவாரம் மிச்சம் என்று தெரியும். சுவரின் அடிப்பகுதியில் ஓதம் ஏறிப் பூச்சு பொருமியிருந்தால், கட்டியது சுண்ணாம்புக் கலவையா சிமென்ட்டா என்று பார்த்துவிடுங்கள். சுண்ணாம்புச் சுவர்மேல் கெட்டி சிமென்ட் பூச்சு பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். கொஞ்ச காலத்தில் மறுபடி பொருமும்.

அப்புறம் அந்த நடுச்சுவர். 10 அடி நீளம், 10 அடி உயரம், 9 அங்குலக் கனம் என்று வைத்துக்கொண்டால் 75 கன அடி. எடை ஏறக்குறைய 4 டன். இடித்ததும் இடைவெளி கூடி அது ஏறக்குறைய 110 கன அடி இடிபாடாகும். அதைத் தூக்குவது யார், வண்டி எத்தனை நடை, எங்கே கொட்டுவது? இதெல்லாம் தனி வரி. 9 அங்குலச் சுவர் என்றால் மேல்தளத்தைத் தாங்குகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இடிப்பது சின்ன வேலை. முட்டுக் கொடுப்பதும், உத்தரம் ஏற்றுவதும், உத்தரத்தின் இரு முனைக்கும் அடியில் சுவரைப் பலப்படுத்துவதும்தான் பணம்.

இவ்வளவையும் அளந்து, வேலைவாரியாக ஒரே பட்டியல் போட்டு இருவரிடமும் கொடுங்கள். அளவை நீங்கள் எழுதுங்கள், ரேட்டை அவர்கள் எழுதட்டும். கம்பி ரிப்பேர் மாதிரி அளவு தெரியாத வேலைக்கு ரேட்டை மட்டும் இப்போதே பேசி முடித்துவிட்டு, செய்ததை அளந்து பணம் கொடுங்கள். எதிர்பாராத செலவுக்கென்று புதுக் கட்டடத்துக்கு 10 சதவீதம் ஒதுக்கினால், இதற்கு 20 சதவீதம் ஒதுக்கச் சொல்வேன். அந்த 20 ஒப்பந்ததாரருக்குத் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி: மாடியில் பழைய தரையை உடைக்காமல் அதன்மேலேயே டைல் போட்டால் செலவு மிச்சம் என்கிறார் மேஸ்திரி. சரியா?

பதில்: உடைக்கும் கூலி மிச்சம்தான். ஆனால் 40 மில்லிமீட்டர் கலவையும் அதன்மேல் டைலும் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ. வீட்டுத் தளத்தை வடிவமைக்கும்போது ஆட்கள், சாமான்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே பொதுவாக ஏறத்தாழ 200 கிலோதான் கணக்கு வைப்பார்கள். அதில் பாதியை டைலுக்கே கொடுத்துவிடுவீர்கள். தரை இரண்டு அங்குலம் உயரும்போது கதவுகளை அடியில் அறுக்க வேண்டும், கடைசிப் படி மட்டும் மற்றவற்றைவிட உயரமாகித் தடுக்கும். பழைய தரை பெயராமல், மட்டமாக இருந்தால் பசை வைத்து மெல்லிய டைல் ஒட்டலாம். எடையும் உயரமும் பெரிதாக அதிகரிக்காது. தளத்தின் அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பிரிக்கும்போது கிடைக்கும் பழைய கதவு, ஜன்னல், ஷீட் எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொண்டு இடிப்புக்கூலியில் கழித்துக்கொள்வதாக ஒப்பந்ததாரர் சொல்கிறார். விடலாமா?

பதில்: கழிக்கட்டும், ஆனால் எது எதற்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். கெட்டி மரக்கதவை நீங்களே வைத்துக்கொண்டு இழைத்துப் போடுவது புதிது வாங்குவதைவிட லாபமாகலாம். ஷீட் மட்டும் வேறு விஷயம். பழைய கூரை ஷீட் ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்பு உண்டு. அதன் நார்த்தூசு நுரையீரலைக் கெடுக்கும். அதை உடைக்காமல், நனைத்து, முழுசாக இறக்கிப் பொதிந்து, முறையாக அப்புறப்படுத்தத் தெரிந்தவர்களிடம் தனியாக ரேட் வாங்குங்கள். அது உங்களுக்குச் செலவுக் கணக்கில்தான் வரும், வரவில் வராது.