விடுதலைதான் இலக்கு என்றால், பௌத்தத் துறவிகளுக்கு 227 விதிகள் எதற்கு?

"எல்லாப் பற்றையும் விடச் சொல்கிறவர்கள் விதிகளை மட்டும் ஏன் இப்படிப் பற்றிக்கொள்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் பல வருடம் இதே கேள்வி இருந்தது. புத்தகங்கள் படித்தும் தீரவில்லை. கடைசியில் நான் சொன்ன ஒரு சின்னப் பொய்தான் அதைத் தீர்த்து வைத்தது.

இந்த 227 விதிகளைக் கொண்ட தேரவாத பௌத்த மரபைச் சேர்ந்த ஒரு வன மடத்தில், சீலங்கள் எனும் ஒழுக்க விதிகள் எட்டை ஏற்றுப் பத்து நாள் தங்கியிருந்தேன். ஐந்தாம் நாள் விடியற்காலைத் தியானத்துக்கு எழாமல் தூங்கிவிட்டேன். முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது மூத்த பிக்கு (துறவி) ஒருவர், "காலையில் உட்கார்ந்தீர்களா?" என்று சாதாரணமாகக் கேட்டார். "உட்கார்ந்தேன், பந்தே" என்றேன். பிக்குகளை மரியாதையாக அழைக்கும் சொல் அது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. வெளியில் இருக்கும்போது இப்படி ஒரு நாளைக்கு நாலு சொல்வோம், மறந்தும் போவோம். அன்று மறக்க முடியவில்லை. மூச்சைக் கவனிக்கலாம் என்று கண்ணை மூடினால் அந்தப் பதில்தான் வந்து நின்றது. அவருக்குத் தெரிந்திருக்குமோ, பக்கத்து அறைக்காரர் சொல்லியிருப்பாரோ, கேட்டால் என்ன சொல்வது என்று மனம் அதற்கு அடுத்த பொய்யைத் தயார் செய்துகொண்டிருந்தது. சாயங்காலம் பொறுக்க முடியாமல் அவரிடமே போய்ச் சொன்னேன். "சரி, பார்த்துவிட்டீர்கள் அல்லவா? இனிமேல் கவனமாக இருங்கள்" என்றார். வேறு ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பத்து நாளில் மனம் உருப்படியாக அமர்ந்தது அன்று இரவுதான்.

புத்தரின் உரைத் தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயத்தில் அவர் சீடர் ஆனந்தர் புத்தரிடம் இதையேதான் கேட்கிறார்: நல்ல சீலங்களால் என்ன பயன்? புண்ணியம், சொர்க்கம் என்று பதில் வரவில்லை. மனம் உறுத்தாமல் இருப்பதுதான் பயன் என்கிறார் புத்தர். உறுத்தல் இல்லாத மனதில் மகிழ்ச்சி வரும், மகிழ்ச்சியிலிருந்து பூரிப்பு, அதிலிருந்து அமைதி, சுகம், சமாதி எனும் மன ஒருமை. சமாதியில் நின்ற மனம் உள்ளதை உள்ளபடி பார்க்கிறது. பார்த்தபின் பற்று கழன்று விடுதலை கிடைக்கிறது. சங்கிலியின் முதல் கண்ணி விதி, கடைசிக் கண்ணி விடுதலை. நடுவில் ஒன்றை விட்டுவிட்டுத் தாவ முடியாது என்பதை அந்த ஒரு பகலில் நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. சங்கம் எனும் துறவியர் குழு தொடங்கியபோது இந்த விதிகள் இல்லை. புத்தரின் முதன்மைச் சீடர் சாரிபுத்தர், பின்னால் சிக்கல் வரக்கூடும், இப்போதே விதிகளை வகுத்துவிடுங்கள் என்று கேட்டபோதுகூட புத்தர் மறுத்துவிட்டார். குறை தலைகாட்டட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பது அவர் நிலை. பிறகு சுதின்னர் என்ற பிக்கு, குலத்துக்கு ஒரு வாரிசு வேண்டும் என்று தாய் கெஞ்சியதால் தன் பழைய மனைவியோடு கூடினார். அப்போது அதைத் தடுக்கும் விதி கிடையாது, யாரும் குற்றம் சாட்டவும் இல்லை. ஆனாலும் அவர் உடல் இளைத்து, முகம் வெளிறி, நரம்புகள் தெரியுமளவுக்கு உருகிப்போனார். சக பிக்குகள் என்னவென்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது, முதல் விதியும் பிறந்தது. எனக்கு இதில் உருக்கமாகப் படுவது, விதி வருவதற்கு முன்பே அந்த உறுத்தல் வந்துவிட்டது என்பதுதான்.

இப்படி ஒவ்வொரு சம்பவமாகச் சேர்ந்ததுதான் பாதிமோக்கம் எனும் விதித்தொகுப்பு. 227இல் 75 விதிகள் சேகியம் எனும் நடத்தைப் பயிற்சிகள்: வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசாதே, சப்புக்கொட்டிச் சாப்பிடாதே என்பது போல. துறவு வாழ்க்கையையே முடித்துவிடும் பாராஜிகங்கள் நான்கே நான்கு: உடலுறவு, திருட்டு, மனிதக் கொலை, அடையாத உயர்நிலையை அடைந்ததாகச் சொல்லிக்கொள்வது.

அந்த நான்காவதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வஜ்ஜி நாட்டில் பஞ்சம். வக்குமுதா நதிக்கரையில் மழைக்காலம் தங்கிய பிக்குகள் சிலர், இவர் இந்த நிலையை அடைந்தவர், அவர் அந்த நிலையை அடைந்தவர் என்று ஊராரிடம் ஒருவரையொருவர் புகழ்ந்தார்கள். ஊர்மக்கள் தங்களுக்கும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இல்லாத சோற்றை இவர்களுக்குக் கொடுத்தார்கள். மற்ற பிக்குகள் மெலிந்து திரும்பியபோது இவர்கள் மட்டும் கொழுத்துத் திரும்பினார்கள். விடுதலையையே விற்றுச் சாப்பிட்டால் அப்புறம் அந்தப் பாதையில் என்ன மிஞ்சும்? இன்னும் ஒரு படி மேலே, உண்மையாகவே அடைந்திருந்தாலும் துறவு ஏற்காதவர்களிடம் அதைச் சொல்வது பாசித்தியம் என்ற குற்றம். "எனக்கு ஞானம் வந்துவிட்டது" என்று மேடையில் சொல்கிறவர்களை நம்பலாமா என்று யாராவது கேட்டால், நான் இந்த விதியைத்தான் சொல்வேன்.

சரி, பற்று விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சந்தேகம் பௌத்தத்துக்குள்ளேயே இருக்கிறது. சீலப்பத பராமாசம் என்று அதற்குப் பெயர்: விதிகளும் சடங்குகளுமே தூய்மை தந்துவிடும் என்று பிடித்துத் தொங்குவது. சோதாபத்தி எனும் முதல் நிலையை அடைகிறவருக்கு அறுந்துபோகும் மூன்று தளைகளில் அதுவும் ஒன்று. ஆனால் தளை அறுந்தவர் விதியைக் கைவிடுவதில்லை, அதை வைத்துத் தன்னை அளந்துகொள்வதைத்தான் கைவிடுகிறார். புத்தரே தன் இறுதி நாட்களில், சங்கம் விரும்பினால் சின்னஞ்சிறு விதிகளை நீக்கிக்கொள்ளலாம் என்றார். எவை சின்னஞ்சிறு விதிகள் என்று ஆனந்தர் கேட்டுவைக்கவில்லை. அதனால் அவர் மறைந்தபின் ராஜகிருகத்தில் கூடிய பிக்குகளின் முதல் பேரவை எதையும் நீக்காமல் வைத்துக்கொண்டது. வஜ்ஜியைச் சேர்ந்த ஒரு பிக்கு, 150க்கு மேற்பட்ட விதிகளை என்னால் தாங்க முடியவில்லை என்று வந்து நின்றபோது, புத்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. மூன்று பயிற்சி முடியுமா என்று கேட்டார்: சீலம், மனம், ஞானம். முடியும் என்றார் அவர். அந்த மூன்றே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

நான் தங்கியிருந்த எட்டாம் நாள் பௌர்ணமி, பிக்குகள் கூடிப் பாதிமோக்கம் ஓதும் உபோசத நாள். பாதிமோக்கம் ஓதுமுன் பிக்குகள் இரண்டிரண்டு பேராகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தங்கள் குறைகளை ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டார்கள். நான் தள்ளி இருந்து பார்த்தேன். அந்த மூத்த பிக்கு தன்னைவிடப் பல வயது இளையவர் முன்னால் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் பேசினார்கள். பொருளைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். கேட்டவர் இளையவர், பதில் சொன்னவர் மூத்தவர்.

"பார்க்கிறீர்களா, பந்தே?"

"ஆம், பார்க்கிறேன்."

"இனிமேல் அடக்கத்தோடு இருங்கள்."

"நல்லது, இருப்பேன்."