காரைப் பூட்டிய பிறகும் உள்விளக்கு அணையவில்லையே, ஏன்?

முதலில் அரை நிமிடம் காத்திருந்து பாருங்கள். பல கார்களில், இறங்கியவர் வழி பார்த்து நடப்பதற்காக விளக்கு சில நொடிகள் எரிந்து மெல்ல மங்கும். அது பழுதல்ல.

பிறகும் எரிந்தால் கூரை விளக்கின் சுவிட்சைப் பாருங்கள். அதற்குப் பெரும்பாலும் மூன்று நிலைகள்: எப்போதும் எரிவது, கதவு திறந்தால் மட்டும் எரிவது, அணைந்தே இருப்பது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் அது முதல் நிலைக்குப் போயிருக்கும் என்று பந்தயமே கட்டலாம்.

சுவிட்ச் இரண்டாம் நிலையில் இருந்தும் எரிகிறதா? ஏதோ ஒரு கதவு திறந்திருப்பதாகக் கார் நினைக்கிறது. எல்லாரும் மறப்பது டிக்கியை. கதவுச் சட்டத்தில் ரப்பர் உறையிட்ட சிறு பொத்தான் இருந்தால், மற்றக் கதவுகளை மூடிவிட்டு அதை விரலால் அழுத்துங்கள். விளக்கு அணைந்தால், கதவு அந்தப் பொத்தானைச் சரியாக அழுத்தவில்லை. அணையாவிட்டால் துருவோ ஒயர் கோளாறோ இருக்கலாம். புதிய கார்களில் இந்தச் சுவிட்ச் பூட்டுக்குள்ளேயே இருக்கும், மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

ஓரிரவில் பேட்டரி தீருமா? பழைய பாணி 10 வாட் பல்பு பத்து மணி நேரத்தில் சுமார் 8 ஆம்பியர்-மணி குடிக்கும். 45 ஆம்பியர்-மணி கொண்ட நல்ல பேட்டரி தாங்கிவிடும். வயதான பேட்டரி காலையில் 'டிக் டிக்' என்று முனகும்.